சிலிக்கோன் பாத்திரங்கள்: சூட்டைத் தாங்குகின்றன, வாடையை ஏன் விட மறுக்கின்றன?

மழைக்காலத்தேநீர்:

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் பழைய கேக் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, முழுக்கச் சிலிக்கோனுக்கு மாறினேன். வட்டமான கேக் அச்சு ஒன்று, ஆறு குழிகள் கொண்ட சிறு கேக் அச்சு ஒன்று, மடக்கி வைக்கக்கூடிய மூடிபோட்ட டப்பாக்கள் நான்கு, வாய் அழுத்தி மூடும் பைகள் சில. பேக்கிங், மிச்ச உணவைச் சூடாக்குவது, ஃப்ரீசரில் எடுத்து வைப்பது ஆகிய மூன்றுக்கும் இவையே போதும் என்று நம்பித்தான் வாங்கினேன்.

சென்ற வாரம் செய்த வெண்ணெய் கேக்கை வாயில் வைத்த கணமே எலுமிச்சை வாசனை வந்தது. நான் எலுமிச்சை சேர்க்கவே இல்லை. அது பாத்திரம் தேய்க்கும் சோப்பின் வாசனை என்பது இரண்டாவது துண்டில்தான் உறைத்தது. பிறகு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். ஒரு டப்பாவில் வெங்காய வாடை ஏறியிருக்கிறது. இரண்டு முறை கழுவியும் போகவில்லை. சிறு கேக் அச்சின் குழிகளுக்குள் விரலை வைத்தால் ஒட்டுகிறது. வெந்நீரில் தேய்த்தாலும் அந்தப் பிசுக்கு அப்படியே இருக்கிறது.

பொருள் தரமற்றதா, நான் பயன்படுத்தும் விதம் தவறா, அல்லது சிலிக்கோனின் இயல்பே இதுதானா? அன்றாடச் சமையலுக்கு இதை நம்பலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

எட்டாம்தட்டு:

தூக்கிப் போடுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வளைகிற பொருளில் உணவைச் சூடாக்குவது எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடியும் எவர்சில்வரும் இருக்கும்போது இந்தச் சோதனை எதற்கு?

மணற்கடிகாரம்:

எட்டாம்தட்டு அவர்களின் எச்சரிக்கை உணர்வை மதிக்கிறேன். ஆனால் வளைகிற பொருள் எல்லாம் ஒன்றல்ல. ரப்பர் உதிரிப் பாகங்கள் வார்க்கும் தொழிற்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண பிளாஸ்டிக்கின் முதுகெலும்பு கார்பன் அணுக்களின் சங்கிலி. சிலிக்கோனின் முதுகெலும்பு, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பிணைப்புதான் இது என்பதால் சூட்டுக்கு எளிதில் அறுந்துவிடாது. அந்தச் சங்கிலியின் இருபுறமும் கார்பன் சார்ந்த மீத்தைல் குழுக்கள் தொங்குவதால்தான் அது கண்ணாடியைப் போல விறைக்காமல் ரப்பரைப் போல வளைகிறது. ஆகவே ‘மணலிலிருந்து செய்த இயற்கைப் பொருள்’ என்று விற்பவர் சொல்வதும் முழு உண்மையன்று, ‘இதுவும் பிளாஸ்டிக்தான்’ என்று ஒரே போடாகப் போடுவதும் முழு உண்மையன்று. பெயரே ஒரு தவறான ஊகத்தில் பிறந்தது. ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சேர்மங்களைக் கீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகையைப் போன்றவை என்று கருதி இப்பெயரைச் சூட்டினார். அமைப்பு அப்படி இல்லை என்று தெரிந்த பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது.

உங்கள் தொல்லைக்குக் காரணம் சூடு அல்ல. சிலிக்கோனுக்கு வேறு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அந்த மீத்தைல் குழுக்கள் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை ஏற்கும். இரண்டாவது, அச்சங்கிலிகள் மிகத் தளர்வாக அசைந்துகொண்டே இருப்பதால் வாயுக்களும் ஆவிகளும் இப்பொருளின் ஊடே சுலபமாகப் போய்வரும். ஆக்சிஜனைக் கடத்துவதில் சாதாரண பாலித்தீனைவிடச் சிலிக்கோன் ரப்பர் நூறு மடங்குக்கும் மேல் தாராளமானது. கண்ணின் மேல் அணியும் கான்டாக்ட் லென்சுகளில் சிலிக்கோன் சேர்ப்பதே இந்தக் குணத்துக்காகத்தான். விழிக்குக் காற்று போக வேண்டும். அங்கே வரமாக இருப்பது உங்கள் டப்பாவில் தொல்லையாகிறது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்களும் சோப்பின் நறுமண எண்ணெய்களும் ஆவியாகக்கூடியவை, எண்ணெயில் கரையக்கூடியவை. மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். இவை உள்ளே போய்த் தங்கிவிடுகின்றன. அடுத்த முறை வெண்ணெய் நிறைந்த மாவை அதில் ஊற்றிச் சூடாக்கும்போது, தங்கியிருந்த வாசனை கொழுப்பைத் தேடி வெளியே வருகிறது. உங்கள் கேக்கில் நடந்தது அதுவே.

மழைக்காலத்தேநீர்:

மிக்க நன்றி ஐயா. இத்தனை நாள் நான் இன்னும் அழுத்தித் தேய்க்கவில்லையே என்று என்னைத்தான் நொந்துகொண்டிருந்தேன். அப்படியானால், உள்ளே போனதை வெளியே கொண்டுவர வழி உண்டா? விரலில் ஒட்டும் பிசுக்கும் இதே காரணத்தால் வருவதுதானா?

பழையஓவன்:

பிசுக்கு வேறு கதை, தோழி. அது உள்ளே போன எண்ணெய் அல்ல, மேலே காய்ந்த எண்ணெய். மெல்லியதாகப் படர்ந்த சமையல் எண்ணெய் மீண்டும் மீண்டும் சூடாகும்போது இறுகிப் பசைபோல ஆகிவிடும். இரும்பு வாணலியைப் பழக்கும்போது நாம் வேண்டுமென்றே செய்வது இங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது. தெளிப்பான் டப்பியில் வரும் எண்ணெயைப் பயன்படுத்தினீர்களா? அதில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அதுதான் மிகப் பிடிவாதமான படலத்தை விடும். அச்சு புதிதாக இருக்கும்போது தூரிகையால் ஒரு முறை எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். வெண்ணெய் தாராளமாக உள்ள மாவுக்கு அதுகூட வேண்டியதில்லை.

சமையல் சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்து, குழிகளுக்குள் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். உலோக நாரைத் தொடவே தொடாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த பிசுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, பேக்கிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அலுமினியத்தையும் சிலிக்கோனையும் அருகருகே வைத்துச் சுட்டிருக்கிறேன். சிலிக்கோன் அச்சில் ரொட்டியின் அடி சிவக்காது. காரணம் எளிது: அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 200 வாட் அளவுக்கு மேல் என்றால், சிலிக்கோனுடையது அதே அலகில் ஏறத்தாழ 0.2 மட்டுமே. அச்சின் சுவர் மெல்லியதாக இருப்பதால் வேறுபாடு ஆயிரம் மடங்காகத் தெரியாது என்றாலும், ஓரம் மொறுமொறுப்பாக வர வேண்டிய எதற்கும் இது கை கொடுக்காது. மாறாக, ஆவியில் வேகவைக்கும் மென்மையான கேக்கும், பால், முட்டை சேர்த்துச் செய்து ஆறிய பிறகு கவிழ்க்க வேண்டிய இனிப்பும் இதில் வருவதைப் போல உலோகத்தில் வருவதில்லை. ஓரம் இறுகிப்போகும் முன் நடுப்பகுதி வெந்துவிடும்; ஆறியதும் அச்சை வெளிப்புறமாக உரித்து எடுத்தால், குழந்தையின் காலிலிருந்து ஈரக் காலுறையைக் கழற்றுவது போல, முழுசாகக் கழன்று வரும்.

ஓர் எச்சரிக்கை: மாவை ஊற்றும் முன்பே அச்சை ஓர் உலோகத் தட்டின் மேல் வைத்துவிடுங்கள். ஊற்றிய பிறகு தூக்கினால் அச்சின் நடுப்பகுதி தொய்ந்து மாவு ஒரு பக்கம் வழியும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓவனின் கதவிலிருந்து கருகிய மாவைச் சுரண்டித் தெரிந்துகொண்டேன்.

எட்டாம்தட்டு:

வாடை, பிசுக்கு எல்லாம் இரண்டாம்பட்சம். மணற்கடிகாரம் அவர்கள் ஒரு செய்தியைச் சொல்லாமல் தாண்டிவிட்டார் என்று நினைக்கிறேன். வளையச் சிலாக்சேன்கள் என்று சில சேர்மங்கள் சிலிக்கோனில் எஞ்சியிருக்கும் என்பதும், அவற்றில் டி4, டி5, டி6 ஆகிய மூன்றை 2018 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது என்பதும் உண்மைதானே? எண்ணெயை ஏற்கும் பொருள் என்று நீங்களே சொல்கிறீர்கள். உள்ளே போகிற வழியிலேயே வெளியேயும் வருமல்லவா?

மணற்கடிகாரம்:

உண்மைதான், நியாயமான கேள்வியும்கூட. தாண்டிச் செல்லும் எண்ணம் இல்லை, வாடையைப் பற்றிக் கேட்டதால் அங்கேயே நின்றுவிட்டேன்.

சங்கிலிகளை இணைத்து ரப்பராக்கும்போது சிறு வளையங்களாகச் சில மூலக்கூறுகள் இணையாமல் எஞ்சும். நீங்கள் சொன்ன பட்டியலில் அவை சேர்ந்ததற்கு முதன்மையான காரணம், சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்வது. அதில் டி4 கருவளத்தைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயத்துக்கும் உள்ளானது. ஆகவே இவை குறைவாக இருப்பதே நல்லது என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இவற்றைக் குறைக்க முடியுமா என்பதில்தான் நான் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன்.

முடியும், தொழிற்கூடத்தில் அது அன்றாட வேலை. வார்த்த பொருளை அப்படியே பெட்டியில் அடைப்பதில்லை, அடைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள பெரிய ஓவனில் தட்டுத் தட்டாக அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டெடுப்போம். அந்த ஓவனின் புகைபோக்கிக்குள் வெள்ளை மாவு போல ஒரு படிவு சேரும். வெளியேறிய சிலாக்சேன்கள் எரிந்து விட்டுச்செல்லும் சிலிக்காத் தூள் அது. வாரம் ஒரு முறை அதைத் துடைத்தவன் என்பதால், இந்தச் சுடுதலைச் செய்யாமல் விட்டால் அதெல்லாம் எங்கே போகும் என்பது எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் வைத்திருக்கும் பரிந்துரையும் இதையொட்டியதே: 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் ஆவியாகி வெளியேறுவது எடையில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மலிவாக விற்க நினைப்பவர் முதலில் வெட்டுவது இந்த நான்கு மணி நேர மின்செலவைத்தான்.

கொழுப்பைப் பற்றிய உங்கள் ஊகமும் சரியே. அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பயன்படும் ரப்பர்ப் பொருள்களுக்கான, உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் விதி 177.2600 இரண்டு தனி வரம்புகளை வைத்திருக்கிறது. தண்ணீரில் கொதிக்கவைக்கும் சோதனையில் முதல் ஏழு மணி நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 20 மில்லிகிராம் வரை வெளியேறலாம். கொழுப்பு உணவுக்கு ஈடாக ஹெக்சேனில் செய்யும் சோதனையில் அதே ஏழு மணி நேரத்துக்கு 175 மில்லிகிராம் வரை அனுமதி. ஹெக்சேன் எந்தச் சமையல் எண்ணெயைவிடவும் கடுமையான கரைப்பான். ஆகவே அந்த அளவை உங்கள் கேக்கோடு நேராக ஒப்பிட வேண்டாம். ஆனால் நீர்த்த உணவும் நெய்ப்பான உணவும் இந்தப் பொருளுக்கு ஒன்றல்ல என்பதை விதியை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதே விதியின் இன்னொரு பகுதி ஆறுதலானது: அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான வரம்புகள் முறையே 1, 4 மில்லிகிராம்தான். வெளியேற வேண்டியதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே போய்விடும் என்பது அதன் பொருள்.

எனவே புதிய அச்சில் முதல் இரண்டு கேக்கைச் சாப்பிடுவதற்குப் பதில், அதை வெறுமையாகவே ஓவனில் வைத்துச் சுட்டுவிடுங்கள். செய்தவர் குறித்திருக்கும் உச்ச வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், ஜன்னலைத் திறந்து வைத்து. மழைக்காலத்தேநீர் அவர்களே, உங்கள் சோப்பு வாசனைக்கும் இதே மருந்துதான். ஆனால் பிசுக்கை முழுக்க நீக்கிய பிறகே சுட வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னும் இறுகும்.

கிள்ளிப்பார்ப்பவள்:

நான் கடையிலேயே அச்சை முறுக்கிப் பார்த்து, வெளுத்தால் கலப்படம், வெளுக்காவிட்டால் சுத்தம் என்று முடிவு செய்கிறேன். இது போதாதா?

மணற்கடிகாரம்:

போதாது, அம்மா. எல்லாச் சிலிக்கோன் ரப்பரிலும் வலுவூட்டத் தூள் கலந்தே இருக்கும். நுண்ணிய சிலிக்காத் தூள் இல்லாவிட்டால் அது கையோடு கிழிந்து வரும். முறுக்கும்போது வெளுப்பது மலிவான நிரப்பு மிகுதியாக இருப்பதைக் காட்டலாம். அடர்ந்த நிறம் ஏற்றிய நல்ல பொருளும் வெளுக்கலாம். வெள்ளை நிற அச்சில் எதுவுமே தெரியாது. மேலும், நான் சொன்ன நான்கு மணி நேரச் சுடுதல் நடந்ததா என்பதை முறுக்கல் காட்டவே காட்டாது. அதற்கு மூக்கே நல்ல கருவி. பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாடையோ மருந்து வாடையோ தூக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாட்டினம் வினையூக்கியால் இறுக்கியது என்று குறித்திருந்தால் கூடுதல் நிம்மதி. பெராக்சைடு முறையில் இறுக்கியவற்றில் அதன் துணைப்பொருள்களும் எஞ்சும், அவற்றையும் சுட்டே வெளியேற்ற வேண்டும்.

இன்னொன்று. ‘பிபிஏ இல்லாதது’ என்று சிலிக்கோன் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதற்காக ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டாம். பிபிஏ பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கைச் செய்யத் தேவைப்படும் பொருள். சிலிக்கோனில் அதற்கு வேலையே இல்லை.

நடுநிசிச்சூப்:

சூடாக்குவது, எடுத்து வைப்பது இரண்டையும் யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். இரவுப் பணி முடிந்து வந்து, மிச்சத்தைச் சூடாக்கிச் சாப்பிடுகிறவன் நான். மடக்கு டப்பாக்களோடு மூன்று ஆண்டு அனுபவம் உண்டு.

மைக்ரோவேவில் சிலிக்கோன் தானாகச் சூடாவதில்லை, அலைகள் அதன் ஊடே சென்று உணவைத்தான் சூடாக்கும். அந்த வகையில் பொருளுக்கு ஆபத்தில்லை, ஆபத்து கைக்கு. ஒரு நாள் கொதிக்கும் தக்காளிச் சூப் நிறைந்த டப்பாவை இரு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். ஓரம் சுடவே இல்லை, அதனால்தான் துணிந்து இறுகப் பிடித்தேன். பிடித்த இடத்தில் சுவர் உள்ளே வளைய, சூப் மணிக்கட்டின் மேல் வழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று முதல் டப்பாவை ஒரு பீங்கான் தட்டின் மேல் வைத்தே உள்ளே அனுப்புகிறேன், தட்டைப் பிடித்தே எடுக்கிறேன். மூடியின் ஒரு முனையைத் திறந்து வைப்பதும், நடுவில் ஒரு முறை கிளறிவிடுவதும் அவசியம். மிச்ச உணவின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருப்பது எல்லாப் பாத்திரத்திலும் நடப்பதுதான், ஆனால் தடித்த சிலிக்கோனில் வெளியே தொட்டுப் பார்த்து எதையும் கணிக்க முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சூடான உணவை நேராகத் தடித்த சிலிக்கோன் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால், அது மெதுவாகவே ஆறும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும் என்பதால், நான் அகலமான எவர்சில்வர் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் பிறகே மாற்றுகிறேன்.

எடுத்து வைப்பதைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. ஃப்ரீசரில் உறையவைக்க இதைவிட நல்ல அச்சு இல்லை, ஆனால் வாரக்கணக்கில் பாதுகாக்க இதைவிட மோசமான பையும் இல்லை. மைனஸ் 40 டிகிரியிலும் வளையும் என்பதால் உறைந்த பழக்கூழும் சூப்பும் பின்புறம் அழுத்தினால் கட்டியாக எகிறி வரும். அதே பையில் ஆறு வாரம் வைத்த பட்டாணியோ, மேலெல்லாம் வெள்ளை பூத்து, நார்போல வறண்டிருந்தது. மணற்கடிகாரம் அவர்கள் சொன்ன காற்றுக் கணக்கைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது: ஆக்சிஜன் உள்ளே வருகிறது, நீராவி வெளியே போகிறது. இப்போது சிலிக்கோனில் உறையவைத்து, மறுநாள் கட்டிகளைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுகிறேன்.

எட்டாம்தட்டு:

இதைத்தான் முதல் நாளே கண்ணாடி என்று சொன்னேன். இருந்தாலும் உறைந்த கட்டியை எகிற வைக்கும் வித்தை கண்ணாடிக்கு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கிள்ளிப்பார்ப்பவள்:

பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் வளையமும் சிலிக்கோன்தானே? போன வாரம் வைத்த பூண்டுச் சாறு இந்த வாரம் வைத்த பாயசத்தில் மணக்கிறது.

பழையஓவன்:

அதுவும் பெரும்பாலும் சிலிக்கோன்தான். இரண்டு வளையம் வாங்கி, ஒன்றைக் காரத்துக்கும் மற்றொன்றை இனிப்புக்கும் ஒதுக்குங்கள். மூடியைக் கவிழ்த்து வைத்து, வளையத்தைத் தனியே கழற்றிக் காற்றில் தொங்கவிட்டால் பாதி வாடை தானே போகும். உள்ளே வந்த வழியே வெளியே போக அதற்கும் நேரம் தர வேண்டும்.

மழைக்காலத்தேநீர்:

பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். சமையல் சோடாக் குழைவை மூன்று இரவு பூசினேன். முதல் இரவில் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டாவது காலையில் பழுப்பு நிறச் சுருள்களாகப் பிசுக்கு உரிந்து வந்தது, மூன்றாவதில் விரல் ஒட்டவில்லை. ஒரு குழியின் அடியில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு திட்டு எஞ்சியிருக்கிறது. அதில் முன்பு கத்தியால் கேக்கைக் கிளப்பிய கீறல் இருக்கிறது.

பிறகு இரண்டு அச்சுகளையும் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெறுமையாகச் சுட்டேன் (அச்சில் 230 வரை என்று குறித்திருக்கிறது). முதல் இருபது நிமிடம் அறை முழுக்க எலுமிச்சை மணந்தது. கேக்கில் வந்த அதே வாசனை. வாசனையில்லாத சோப்புக்கு மாறிவிட்டு நேற்று வெண்ணெய் கேக் செய்தேன். வெண்ணெய் மட்டுமே மணந்தது.

வெங்காய டப்பா ஒரு மணி நேரச் சூட்டுக்கும் மசியவில்லை. அதன் மூடி வேறு பிளாஸ்டிக் என்பதால் மூடியைச் சுடவும் முடியவில்லை. வாடையில் பாதி மூடியில்தான் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். அந்த டப்பாவை இனி வெங்காயத்துக்கே கொடுத்துவிட்டேன். பைகளில் இருந்ததையெல்லாம் ஜாடிகளுக்கு மாற்றியாயிற்று.